விருப்பப் பாடம் வாழ்க

எம்.ஏ. ஆங்கிலம் இரண்டு வருஷம், பி.எட். இரண்டு வருஷம். இந்த நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட என்னைத் திண்டாட விடாத பாடத்திட்டத்துக்கு நான் கடன்பட்டவள். மனுஷப் பிறவியைப் பாடாய்ப்படுத்துவது தேர்ந்தெடுக்கும் வேலைதான். தீபாவளிக்கு முந்தைய வாரம் புடவைக் கடையின் மூன்றாவது மாடியில் எங்கள் அம்மா படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான். எடுத்ததை வைத்து, வைத்ததை எடுத்து, கடைசியில் முதலில் பார்த்ததையே வாங்கிக்கொண்டு வந்து, "அந்தப் பச்சையை எடுத்திருக்கலாம்" என்று பொங்கல் வரைக்கும் புலம்புவாள். படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று இரக்கப்பட்ட பெரியவர்கள்தான் விருப்பப் பாடம் என்ற ஒன்றை ஏற்படுத்தியிருக்க வேண்டும்.

இரண்டாம் செமஸ்டர் தொடங்கிய அன்று எங்கள் எச்.ஓ.டி. வகுப்புக்கு வந்தார். பாடத்திட்டப் புத்தகத்தில் 'விருப்பப் பாடம்' என்ற தலைப்பின் கீழ் மூன்று தாள்கள் இருந்தன: பசுமை இலக்கியம், திரைப்பட ஆய்வு, மொழிபெயர்ப்பு. மூன்றையும் கணீரென்று வாசித்தார். திரைப்பட ஆய்வு என்றதும் கடைசி பெஞ்சில் ஒரு சலசலப்பு. "சரி, நீங்களே முடிவு பண்ணுங்க. முழுக்க உங்க விருப்பம்தான்" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அரை நிமிஷம் போயிருக்கும். "பசுமை இலக்கியம்தானே? நல்ல செலக்‌ஷன்மா. மெட்டீரியலும் ரெடியா இருக்கு" என்று வருகைப் பதிவேட்டை மூடினார்.

முப்பத்திரண்டு பேர், முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே விருப்பம். கல்யாணப் பந்தியில்கூட ஒருவருக்கு ரசம் வேண்டாம், ஒருவருக்கு மோர் வேண்டாம் என்று ஆயிரம் தகராறு வரும். எங்கள் வகுப்பில் அந்த வம்பே இல்லை. எங்களுக்கு முந்தைய வருஷத்து அக்காக்களுக்கும் அதே விருப்பம்தான் இருந்ததாம். அடுத்த வருஷம் வந்த தங்கைகளின் விருப்பமும் அதேதான். தலைமுறை இடைவெளி என்று பேசுகிறவர்கள் எங்கள் துறைப் பக்கம் வந்து பார்க்கலாம்.

இந்த ஒற்றுமைக்குப் பின்னால் ஓர் அழகான கணக்கு இருப்பது பின்னால்தான் தெரிந்தது. உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. யாருக்காவது நாலு மணி நேரம் குறைந்தால், அந்த நாலு மணி நேரத்தில் அவருக்கு எது எடுக்க வருகிறதோ அதுவே எங்கள் விருப்பம். தைத்த சட்டைக்குப் பொருத்தமாக ஆளைத் தேடிப் பிடிக்கும் தையற்கலை இது. அவருக்கும் வேறு வேலை வந்துவிட்டால் கௌரவ விரிவுரையாளர் வருவார். சம்பளத்தில் குறைவதைப் பெயரில் உள்ள கௌரவத்தால் சரிக்கட்டி வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் வேலை இருக்குமா இருக்காதா என்று காத்திருந்தபடியே, இயற்கையின் நிலைத்த தன்மையைப் பற்றி அவர் எங்களுக்கு நடத்தினார். மனம் ஒன்றிக் கேட்டோம்.

2015-ல் மானியக் குழு நாடு முழுவதற்கும் விருப்ப அடிப்படையிலான கிரெடிட் முறையை வகுத்துக் கொடுத்தபோது, இதைச் சிற்றுண்டிச்சாலைக்கு ஒப்பிட்டது. வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம் என்பது பொருள். எவ்வளவு பொருத்தமான உவமை என்பது எங்கள் கல்லூரி மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்குத்தான் புரியும். அங்கே கரும்பலகையில் பூரி, பொங்கல், ஊத்தப்பம், ரவா தோசை என்று பதினாலு பலகாரம் எழுதியிருக்கும். கேட்டால், "இட்லி மட்டும்தான்மா இருக்கு" என்பார்கள். பலகையை அழிக்கவும் மாட்டார்கள். அழித்துவிட்டால் மெஸ்ஸுக்கு வந்த மரியாதை போய்விடுமே. பாடத்திட்டப் புத்தகமும் அப்படித்தான். பார்க்கப் பார்க்கப் பசி அடங்கும்.

ஆங்கில இலக்கியத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்கிய விஷயத்தில் நாம் இங்கிலாந்துக்கே வழிகாட்டிகள் என்பது பலருக்குத் தெரியாது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு தன் சொந்த மொழியின் இலக்கியத்தைத் தனிப் படிப்பாக மதித்தது 1890-களில்தான். கேம்பிரிட்ஜில் தனித் தேர்வு வந்தது 1917-ல். இங்கிலாந்தில் கிரேக்கமும் லத்தீனும் கோலோச்சிய காலத்தில் இங்கே ஷேக்ஸ்பியரும் மில்டனும் பாடமாக இருந்தார்கள் என்பதை கௌரி விஸ்வநாதன் 1989-ல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆட்சிக்கு அடங்கிய மனத்தை உருவாக்கும் கருவியாக அந்தப் பாடம் பயன்பட்டது என்றும் அவர் சொல்கிறார். அவர் சொல்லும் காலம் மலையேறிவிட்டது. இப்போது அடங்குவதற்கு ஷேக்ஸ்பியர் எதற்கு, இன்டர்னல் மார்க் 25 போதும்.

மெக்காலேயையும் நாம் வென்றுவிட்டோம். 1835-ல் அவர் எழுதிய குறிப்பில், ஆளுகிறவர்களுக்கும் ஆளப்படும் கோடிக்கணக்கானோருக்கும் நடுவே மொழிபெயர்த்துச் சொல்லும் ஒரு வகுப்பை உருவாக்க வேண்டும் என்று விரும்பினார். நாங்கள் என்ன செய்தோம்? மொழிபெயர்ப்புத் தாளை விருப்பப் பாடப் பட்டியலில் மூன்றாவதாக வைத்து, யாரும் அதை விரும்பிவிடாமல் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டோம். கையில் கம்பெடுக்காமல், கூட்டம் போடாமல், ஒரு டைம்டேபிளை வைத்தே மெக்காலேயின் கனவைத் தகர்த்த பெருமை எங்கள் துறைக்கு உண்டு.

முதல் செமஸ்டரின் முதல் தாளே சாசர். கான்டர்பரிக்குப் புண்ணிய யாத்திரை போகிறவர்கள் ஒரு விடுதியில் கூடி, ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு போவார்கள். மாவு அரைப்பவன், சமையற்காரன், ஐந்து தடவை கல்யாணம் பண்ணிய சீமாட்டி என்று ஒவ்வொருவரின் உடையும் குணமும் பத்து மார்க் கேள்வி. எங்கள் கல்லூரி வாசல் வழியாகத்தான் தை மாதத்தில் பழநிக்குப் பாதயாத்திரை போவார்கள். காவடியும், பச்சை வேட்டியும், கொப்பளித்த காலும், வழியெல்லாம் கதையுமாகக் கூட்டம் கூட்டமாகப் போகும். அந்தச் சத்தத்தில் எங்களுக்குச் சாசரின் யாத்ரீகர்கள் மேலுள்ள கவனம் சிதறிவிடக் கூடாதே என்று ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அவ்வளவு அக்கறை.

அந்த யாத்திரைக் கூட்டத்தில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவன் ஒருவன் வருகிறான். நல்ல துணிமணிகூட இல்லாதவன். படிப்பதிலும் படித்ததைப் பிறருக்குச் சொல்லித்தருவதிலும் ஆனந்தம் காண்கிறவன். அவனை நாங்கள் படிக்கவில்லை. கடந்த மூன்று கேள்வித்தாளில் வந்துவிட்டதால் இந்த வருஷம் வரமாட்டான் என்று கைடில் போட்டிருந்தது. அவனும் வரவில்லை. கைடு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

இத்தனை நூற்றாண்டு இலக்கியத்தையும் நாங்கள் வாய் திறக்காமல் கற்றோம் என்பதுதான் இந்தப் படிப்பின் சிறப்பு. விளக்கம் தமிழில் நடக்கும்; நோட்ஸ் ஆங்கிலத்தில் வரும்; தேர்வு பேனாவில் முடியும். ஆங்கிலத்தில் எம்.ஏ. வாங்க ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேச வேண்டிய கட்டாயம் கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் வைவா வரும்வரை எங்களுக்கு இல்லை. அந்த வைவாவிலும் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் பெருந்தன்மையானவர். "எந்த ஊரும்மா?" என்று தமிழில் கேட்டார். பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

கல்லூரியின் மொழி ஆய்வகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் நன்றி கொன்றவள் ஆவேன். குளிரூட்டிய அறை. இருபத்தைந்து கணினி, இருபத்தைந்து ஹெட்போன். உச்சரிப்பைக் காதால் கேட்டு, திருப்பிச் சொல்லி, பதிவுசெய்து சரிபார்க்கலாமாம். தர மதிப்பீட்டுக் குழு வந்த அன்று காலையில் குத்துவிளக்கேற்றித் திறந்தார்கள், மாலையில் பூட்டினார்கள். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் மயிற்பீலி சூடி, நெய் பூசி மினுங்கிய வேல்களைப் பார்த்து ஔவையார் வியந்தது போல, ஜன்னல் வழியாக அந்த ஹெட்போன்களின் பிரிக்காத பிளாஸ்டிக் உறையைப் பார்த்து நானும் வியந்தேன். எங்கள் தெருவில் எட்டாவதோடு நின்ற ஓர் அக்கா, சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகுமுன் ஒரு பழைய செல்போனில் ஆங்கில உரையாடல்களைக் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். அந்தப் போன், பாவம், திரை நாலாகக் கீறி, சார்ஜ் நிற்காமல், மாதத்தில் பாதி நாள் ரிப்பேர் கடையில் கிடந்தது. ஔவையாரின் அதே பாட்டில் வரும் அதியமானின் வேல்களுக்கும் அதே அவலட்சணம்தான்.

எம்.ஏ. முடித்தபோது, "இவ்வளவு படிச்சோமே, இதை ஒரு பிள்ளைக்கு எப்படி சார் சொல்லித்தர்றது?" என்று எச்.ஓ.டி.யிடம் கேட்டேன். "அதெல்லாம் பி.எட்.ல சொல்லித்தருவாங்கம்மா. நாம அதுல தலையிடக் கூடாது" என்றார். பி.எட்.டில் சேர்ந்ததும், ஆங்கிலம் கற்பித்தல் தாளை எடுத்த மேடம் முதல் நாளே சொன்னார்: "சப்ஜெக்ட் எல்லாம் நீங்க எம்.ஏ.லயே படிச்சிருப்பீங்க. நாம மெத்தட் மட்டும் பார்ப்போம்." இரு வீட்டாரும் எவ்வளவு மரியாதையான சம்பந்திகள்! ஒருவர் சமையலறைக்குள் மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை. அரிசி ஒரு வீட்டில், அடுப்பு ஒரு வீட்டில். நடுத்திண்ணையில் ஒரு பிள்ளை தட்டோடு உட்கார்ந்திருப்பதைச் சொல்லி இந்த உறவைக் கெடுக்கக் கூடாது.

ஆசிரியப் பயிற்சியிலும் நாம் பழம்பெருமை உடையவர்கள். 1856-ல் சென்னையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளிதான் பிற்பாடு சைதாப்பேட்டைக் கல்லூரியாக வளர்ந்தது. ராதாகிருஷ்ணனே அங்கே பயிற்சி பெற்றவர். நெடுங்காலம் ஒரே வருஷமாக இருந்த பி.எட். படிப்பை, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி இரண்டு வருஷமாக்கினார்கள். ஒரு வருஷத்தில் சொல்லித்தர முடியாமல் போனதை இரண்டு வருஷம் நிதானமாகச் சொல்லித்தராமல் இருக்க அவகாசம் கிடைத்தது. கட்டணமும் இரட்டித்ததில் கல்வியின் மதிப்பு வீட்டில் எல்லாருக்கும் புரிந்தது. குறிப்பாக அப்பாவுக்கு.

முதல் வருஷத்தில் குழந்தைப் பருவமும் வளர்ச்சியும், கற்றலும் கற்பித்தலும் என்று தாள்கள். கற்றல் எப்படி நிகழ்கிறது என்பதை மேடம் படிப்படியாக விளக்கினார். மணி அடித்ததும் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய். கூண்டிலிருந்து தட்டுத் தடுமாறி வெளியே வந்த தார்ன்டைக்கின் பூனை. விசையை அழுத்திய ஸ்கின்னரின் எலி, கொத்திய புறா. குச்சியோடு குச்சியைப் பொருத்தி வாழைப்பழத்தை இழுத்த கோலரின் சிம்பன்சி. சுல்தான் என்ற அதன் பெயர்கூட எங்களுக்கு மனப்பாடம். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் சத்துணவு நேரத்தில் நாயும் பூனையும் தவறாமல் வரும். அவை கற்கும் விதம் எங்களுக்கு அத்துப்படி என்பதால் சமாளித்துவிடுவோம். அவற்றோடு குழந்தைகளும் வந்துவிட்டால்தான் கொஞ்சம் சிரமம்.

அந்தச் சிரமமும் வராமல் இருக்க நுண்ணிலைக் கற்பித்தல் என்ற ஏற்பாடு இருக்கிறது. 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது. நம் நாட்டு வழக்கப்படி மொத்தம் 36 நிமிஷம்: ஆறு நிமிஷம் கற்பிக்க, ஆறு நிமிஷம் குறை நிறை கேட்க, பன்னிரண்டு நிமிஷம் மறுபடி திட்டமிட, ஆறு நிமிஷம் மறுபடி கற்பிக்க, இன்னும் ஆறு நிமிஷம் மறுபடி கேட்க. மாணவர்கள் வேண்டாமா? தோழிகளே மாணவர்கள். இரண்டு குழந்தைக்குத் தாயான ஒருத்தி கைகட்டி உட்கார்ந்து, "குட் மார்னிங் மிஸ்" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையாகப் பாடுவாள். வலுவூட்டும் திறனைப் பயிற்சி செய்யும் நாளில் நான் எத்தனை தடவை "வெரி குட்" சொன்னேன் என்று இன்னொருத்தி தாளில் கோடு போட்டு எண்ணுவாள். பதினேழு சொன்னேன். வகுப்பிலேயே அதிகம். கேட்ட கேள்விக்கெல்லாம் விடை தெரிந்தவர்கள், ஆனால் கொஞ்சம் தயங்கியபின் சொல்கிறவர்கள், பசிக்காதவர்கள், ஜன்னலுக்கு வெளியே பார்க்காதவர்கள்: இப்படிப்பட்ட மாணவர்கள் வாய்த்தால் நாட்டில் யார்தான் நல்லாசிரியர் ஆக முடியாது?

தன்னை அறிதல் என்றும் ஒரு தாள் உண்டு. தன் பலம், பலவீனம், அச்சம், ஆசை எல்லாவற்றையும் ஆராய்ந்து எழுதி ரெக்கார்டாகக் கொடுக்க வேண்டும். நான் என்னைப் பற்றி யோசித்து முடிப்பதற்குள், கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் அது ஸ்பைரல் பைண்டிங்கோடு 60 ரூபாய்க்கு வந்துவிட்டது. பெயர் எழுத மட்டும் இடம் விட்டிருந்தார்கள். 'நான் யார்' என்ற கேள்வியோடு மலையடிவாரத்தில் ஆயுளைக் கழித்தவர்களுக்கு அந்தக் கடை தெரியாமல் போயிற்று. எங்கள் வகுப்பில் நூறு பேரும் அந்த வருஷம் தன்னை அறிந்தோம். எல்லாருக்கும் ஒரே பலவீனம்: நேர மேலாண்மை.

பி.எட்.டிலும் விருப்பப் பாடம் இருந்தது. வழிகாட்டலும் ஆலோசனையும், விழுமக் கல்வி, சுற்றுச்சூழல் கல்வி என்று பட்டியல். அனுபவப்பட்டவள் என்பதால் முந்திக்கொண்டு, "வழிகாட்டலும் ஆலோசனையும் எடுத்துக்கலாமா மேடம்?" என்றேன். "அதுக்கு ஸ்டாஃப் இல்லைம்மா. விழுமக் கல்வி எடுத்துக்கோ, உனக்கு அதுதான் நல்லது" என்று ஆலோசனை சொல்லி வழிகாட்டினார். கேட்ட தாளின் சாரம் அரை நிமிஷத்தில் செய்முறையாகவே கிடைத்துவிட்டது.

ஆங்கிலம் கற்பித்தல் தாளில் பெங்களூர்த் திட்டம் என்ற சிறுகுறிப்பு ஐந்து மார்க்குக்கு வரும். என்.எஸ். பிரபு என்பவர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில ஊர்களிலும் உள்ள சாதாரணப் பள்ளிக்கூடங்களில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதிகளை ஒப்பிக்கச் சொல்லாமல், ரயில் நேர அட்டவணையையும் ஊர் வரைபடத்தையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, கண்டுபிடிக்க ஒரு வேலையைத் தந்தார். வேலையில் மூளை முனைந்திருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் கருத்து. 1987-ல் அவர் எழுதிய நூலை உலகமெங்கும் மொழி கற்பிக்கிறவர்கள் படிக்கிறார்கள். நாங்களும் விடவில்லை. திட்டத்தின் நோக்கம் இரண்டு, நிறைகள் நாலு, குறைகள் மூன்று என்று உருப்போட்டோம். எங்கள் கல்லூரிக்கு ரயில் நிலையம் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் யாரும் ஓர் அட்டவணையை எடுத்துவந்து அந்தக் குறிப்பை அசுத்தப்படுத்தவில்லை.

என் தோழி ஒருத்தி எம்.ஏ., பி.எட். இரண்டோடு நிற்காமல் பிஎச்.டி.க்குப் போனாள். அங்கேயும் கோர்ஸ்வொர்க் உண்டு. ஆராய்ச்சி நேர்மையும் வெளியீட்டு நெறியும் என்ற தாளை 2019 இறுதியில் மானியக் குழு எல்லாருக்கும் கட்டாயமாக்கியது. 30 மணி நேரம், இரண்டு கிரெடிட். நேர்மைக்கு இவ்வளவு திட்டவட்டமாக அளவு குறித்தவர்கள் வேறு யாருமில்லை. "எப்படிடி இருந்துச்சு?" என்று கேட்டேன். "நல்லாதான் இருந்துச்சு. அசைன்மென்ட்டை சீனியர்கிட்ட வாங்கிக்கிட்டேன்" என்றாள்.

படித்து முடித்தபின் தேர்வுகள். ஆசிரியர் தகுதித் தேர்வு தமிழ்நாட்டில் முதன்முதலாக 2012 ஜூலையில் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அவர்களில் பெரும்பாலோர் முறைப்படி பயிற்சி பெற்று, ரெக்கார்டு எழுதி, பயிற்சித் தேர்வில் தேறியவர்கள். இத்தனை லட்சம் பேரைத் தேறவைத்த படிப்பின் தாராள மனத்தை இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபிக்க முடியாது. முதுகலை ஆசிரியர் பணிக்கான தேர்வில் 150 மார்க்: பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. என் எம்.ஏ.வும் பி.எட்.டும் ஒரே தாளில் சந்தித்துக்கொண்டது அங்கேதான். அங்கேயும் கேள்வி எண்ணை வைத்துத் தனித்தனியாகத்தான் உட்கார்ந்திருந்தன.

இத்தனை பெருமையும் ஒரு பையனால் கொஞ்சம் ஆட்டம் கண்டதை மறைக்கக் கூடாது. இரண்டாம் வருஷம் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. ஏழாம் வகுப்பு. கைடு டீச்சர் பின்னால் நாற்காலி போட்டு, மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார். என் லெசன் பிளான் கட்டம் கட்டமாக, சிவப்பு நீலப் பேனாவில், புளூம் 1956-ல் வகுத்துக் கொடுத்த படிநிலைகளோடு ஜொலித்தது. பலகையில் 'நோ' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதினேன். 'தெரியும்' என்று பொருள் தரும் 'நோ'. சத்தமாக வாசித்தேன். பிள்ளைகளும் வாசித்தார்கள்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "மிஸ், முன்னாடி ஒரு 'கே' நிக்குதே, அதை ஏன் விட்டுட்டீங்க?"

லெசன் பிளானில் ஆசிரியர் கேட்கும் கேள்விக்குக் கட்டம் உண்டு. மாணவர் சொல்லும் விடைக்கும் கட்டம் உண்டு. மாணவர் கேட்கும் கேள்விக்குக் கட்டம் கிடையாது. அதை வடிவமைத்தவர்கள் எதையும் யோசிக்காமல் விட்டிருக்க மாட்டார்கள் என்பதால், அப்படி ஒன்று நடக்காது என்றே நம்பியிருந்தேன்.

இத்தனைக்கும் விடை என்னிடம் இருந்தது. எம்.ஏ.வில் ஆங்கில மொழி வரலாறு என்று ஒரு தாள். சாசர் காலத்தில் அந்தக் 'கே' நன்றாகவே ஒலித்தது. பதினேழாம் நூற்றாண்டுவாக்கில்தான் வாயிலிருந்து உதிர்ந்தது. அதற்குள் அச்சு வந்து எழுத்துக்கூட்டல் நிலைத்துவிட்டதால் தாளில் மட்டும் தங்கிவிட்டது. முன்னுரை, முடிவுரையோடு பத்து மார்க்குக்கு எழுதி ஒன்பது வாங்கியவள் நான். ஆனால் அது ஆங்கிலத்தில், துணைத் தலைப்புகளோடு, தேர்வுக் கூடத்துக்காகக் கட்டி வைத்த மூட்டை. பன்னிரண்டு வயதுப் பையன் முன்னால் அவிழ்க்கும் முடிச்சை யாரும் போட்டுத் தரவில்லை. பி.எட். பக்கம் தேடினேன். "வெரி குட்" மட்டும்தான் கிடைத்தது.

"அது சைலன்ட் லெட்டர்ப்பா. எழுதணும், வாசிக்கக் கூடாது" என்றேன்.

அவன் உட்காரவில்லை. ஒரு கணம் யோசித்தான். பிறகு கடைசி பெஞ்சு மூலையைக் காட்டி, "அப்ப இவன் மாதிரி மிஸ். அட்டெண்டன்ஸ்ல பேர் இருக்கும், சத்தம் வராது" என்றான்.

வகுப்பே சிரித்தது. மூலையில் இருந்தவனும் சிரித்தான். மூன்று வாரமாக என் வகுப்பில் அவன் செய்த முதல் சத்தம் அதுதான். நான் வந்த நாளிலிருந்து அவனிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கைடு டீச்சர் மதிப்பெண் தாளில் எழுதினார்: 'வகுப்பறைக் கட்டுப்பாடு தேவை. கரும்பலகைத் திறன் நன்று.'

இந்த ஜூனில் எதிர்வீட்டுப் பெண் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்திருக்கிறாள். பாடத்திட்டம் திருத்தி அமைத்துவிட்டார்களாம். இப்போது விருப்பப் பாடம் மூன்று அல்ல, ஐந்து. நேற்று சாயங்காலம் புதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கண்ணில் புடவைக் கடைக்குள் நுழைந்த வெளிச்சம்.

"அக்கா, விருப்பப் பாடத்துல எதை எடுக்கலாம்?"

புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைப் பிரித்து, தலைப்பில் விரலை வைத்தேன்.

"முன்னாடி 'விருப்ப'ன்னு நிக்குது பாரு, அது சைலன்ட்மா. எழுதணும். வாசிக்கும்போது விட்டுடணும்."